புகையில் காய்ந்த உப்புக்கண்டம்: அந்த விலைக்கு அதில் என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: கொழும்பில் ஒரு வார இறுதிச் சந்தையில் "மலைநாட்டு உப்புக்கண்டம், கைச்செய்முறை, விறகுப் புகை" என்று எழுதிய சின்னப் பெக்கட் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். சுப்பர் மார்க்கெட்டில் இருக்கும் வெளிநாட்டுப் பெக்கட்டைவிட மூன்று மடங்கு விலை. சாப்பிட்டீர்கள், பிடித்துவிட்டது. பிடித்தது உள்ளே இருந்த இறைச்சியா, பெக்கட்டில் அச்சடித்திருந்த லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப்) படமா என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது. கடைசி வரியில், "இதையே வீட்டில் பழைய முறைப்படி செய்து, பைட் மாதிரி, நொறுக்குத் தீனியாக அப்படியே சாப்பிட்டால் என்ன?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. முதல் கேள்விக்கு நான் தப்பாகப் பதில் சொன்னால் உங்கள் காசு போகும். இரண்டாவதற்குத் தப்பாகச் சொன்னால் வயிறு போகும்.

நான் இறைச்சி வியாபாரியும் இல்லை, உணவு விஞ்ஞானம் படித்தவனும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் வேலை செய்தேன், கடைசி 14 வருடம் தூள் தயாரிப்பைப் பொறுப்பெடுத்துப் பார்க்கும் டீமேக்கராக. காய வைப்பதுதான் என் தொழில் என்று சொல்லலாம். பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் தண்ணீர். அதை 3 பங்கு அளவுக்கு இறக்கித்தான் தூளாக வெளியே அனுப்புவோம். கொழுப்பில்லாத பச்சை இறைச்சியிலும் ஏறக்குறைய அதே 75 பங்கு தண்ணீர்தான். ஓய்வு பெற்ற பிறகு பண்டாரவளைப் பக்கம் வீட்டின் பின்னால் ஒரு தகரக் கூண்டு கட்டிக்கொண்டு, ஒரு தடவைக்கு 3 கிலோ, மிஞ்சிப்போனால் 4 கிலோ காய வைக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் போகும். விற்பதில்லை. ஆகவே யாருடைய பெக்கட்டையும் தூக்கிப் பிடிக்கவோ தள்ளிவிடவோ எனக்குக் காரணம் கிடையாது.

உப்புக்கண்டத்தை நான் முதலில் பார்த்தது பொகவந்தலாவைப் பக்கத்தில், என் அப்பாயியின் லயத்துக் காம்பராவில். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்ததும் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கிடாய் வாங்குவார்கள். முன் திண்ணையான இஸ்தோப்பில் சாக்கு விரித்துக் கூறு போடுவார்கள். எலும்பு, ஈரல், கொழுப்பு, சதை எல்லாம் எல்லாக் கூறிலும் சமமாக விழ வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கே சண்டை. முதல் நாள் குழம்பு, மறுநாள் வறுவல். அதற்கு மேல் மிஞ்சுவதை வைக்க பிரிட்ஜ் எங்கே இருந்தது? கரண்டே இல்லை. அப்பாயி அந்த மிச்சச் சதையை நார் போகிற வாக்கிலேயே விரல் தடிமனுக்கு நீள நீளமாக அரிவார். ஒட்டியிருக்கும் கொழுப்பை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுப்பார். கல்லுப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் போட்டுப் பிசறி, மண்சட்டியில் அடுக்கி, மேலே தட்டு வைத்து அம்மிக் குழவியைத் தூக்கி ஏற்றிவிடுவார். விடியும்போது சட்டியில் சிவப்புத் தண்ணீர் நிற்கும். அதை வடித்துவிட்டு, துண்டுகளைக் கம்பியில் கோத்து அடுப்புக்கு மேலே கட்டுவார்.

அடுப்புக்கு மேலே இரண்டு கம்பி இருந்தது. ஒன்று கூரைத் தகரத்தை ஒட்டி, மற்றது ஒரு முழம் கீழே. புதுத் துண்டுகள் முதல் மூன்று நாளும் மேல் கம்பியில்தான் தொங்கும். அதற்குப் பிறகுதான் கீழே இறங்கும். நான் ஒரு தடவை சீக்கிரம் காயட்டும் என்று கீழ்க் கம்பிக்கு மாற்றப் போய் அகப்பைக் காம்பால் அடி வாங்கினேன். "கிட்டக் கொண்டு போனா தோலு மட்டும் காயும்டா, உள்ள அழுகிப் போகும்" என்றார். அதற்குத் தொழிற்சாலையில் ஒரு பெயர் இருக்கிறது என்பது எனக்குப் பதினைந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகுமுன் ரொட்டி சுட ஒரு தடவை, அந்தி சாய்ந்தபின் ஒரு தடவை, அவ்வளவுதான் அடுப்பு எரியும். நடுவில் சாம்பல் மூடிய தணல். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சியான மிலாறுதான் விறகு. பத்துப் பன்னிரண்டு நாளில் துண்டுகள் கறுத்து, விறைத்து, கம்பியில் ஒன்றோடொன்று மோதினால் சத்தம் வரும். அப்பாயி ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து வளைப்பார். வெடிப்பு விழுகிற சத்தம் கேட்க வேண்டும், ஆனால் இரண்டாக ஒடியக் கூடாது. சத்தமே இல்லாமல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பட்டென்று ஒடிந்தால் வேண்டியதற்கு மேல் காய்ந்துவிட்டது. இன்றைக்கு அமெரிக்க விவசாயத் திணைக்களம் வீட்டில் இறைச்சி உலர்த்துபவர்களுக்குச் சொல்லும் சோதனையும் ஏறக்குறைய இதேதான்.

வெயிலை விட்டு அடுப்பங்கரைக்கு ஏன் போனார்கள் என்று பார்த்தால், நாட்காட்டி பதில் சொல்லும். தீபாவளி வருவது ஐப்பசியில். அது மலைநாட்டின் இரண்டு பக்கச் சரிவிலும் மழை கொட்டும் மாதம். பகலிலேயே பனிமூட்டம் கதவுக்குள் நுழையும் ஊரில், முற்றத்துப் பாயில் எதைப் போட்டாலும் அந்திக்குள் பூஞ்சணம் பிடிக்கும். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து வந்த நம் முன்னோர்கள் அங்கே வெயிலில் காயப்போட்ட பழக்கத்தை இங்கே புகைக்கு மாற்றிக்கொண்டார்கள் என்பது என் ஊகம். ஊகம்தான், யாரும் எழுதிவைத்து நான் பார்த்ததில்லை. நான் இப்போது ஊவாப் பக்கம் இருப்பதால் எனக்கு வேறு வசதி. ஆடி, ஆவணியில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும்போது, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்று வறண்டு போய் வருகிறது. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும் பருவமும் அதுதான். கொழுந்துக்கு நல்ல காற்று இறைச்சிக்கும் நல்ல காற்று. என் கூண்டு பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்தில்தான் வேலை செய்யும்.

இந்தத் தீவில் இறைச்சியைக் கெடாமல் வைக்கும் வித்தை நம்மோடு வந்ததும் அல்ல. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் அச்சான தன் நூலில், வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். உப்பு செய்கிற வேலையைத்தான் அங்கே தேனின் இனிப்பு செய்கிறது. இரண்டுமே தண்ணீரைக் கிருமிக்குக் கிடைக்காமல் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இனி உங்கள் முதல் கேள்வி. ருசி வேறுதான், அது பிரமை இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தண்ணீர் போகப் போக, இறைச்சிக்கு ருசி கொடுக்கும் உப்புகளும் அமினோ அமிலங்களும் அதே சதைக்குள் இறுகி நிற்கின்றன. 1 கிலோவில் இருந்ததை 400 கிராமுக்குள் சாப்பிடுகிறீர்கள். அதற்கு மேல் விறகு எரியும்போது வரும் பீனோல் வகைச் சேர்மங்கள் மேற்பரப்பில் படிகின்றன. நாம் புகை வாசம் என்று சொல்வதில் பெரும்பங்கு அவைதான். கொழுப்பு காறிப்போவதையும் அவை தள்ளிப்போடும். பெரிய தொழிற்சாலைகளில் பல இந்த வாசத்தைத் திரவப் புகையாகப் போத்தலில் வாங்கி ஊறலில் கலக்கின்றன. அதுவும் உண்மையான புகையைத் தண்ணீரில் பிடித்ததுதான், பொய் இல்லை. ஆனால் பத்து நாள் மெல்ல மெல்லப் படிந்த புகைக்கும் ஒரே தடவையில் ஊற்றியதற்கும் வித்தியாசம் நாக்குக்குத் தெரியும்.

மூன்றாவது, மெல்லுவது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு இதுதான் பாதி ருசி. நார் வாக்கில் அரிந்த துண்டை வாயில் போட்டால் உடனே மசியாது. எச்சில் ஊறி, நார் ஒவ்வொன்றாகப் பிரியும்போதுதான் உப்பும் உறைப்பும் புகையும் அடுத்தடுத்து இறங்கும். ஒரு துண்டு ஐந்து நிமிடம் போகும். கடையில் கிடைக்கும் மலிவான வகைகள் சிலவற்றில் இறைச்சியை அரைத்து, பிசைந்து, நாடாவாக அழுத்தி உலர்த்தியிருப்பார்கள். பெக்கட்டின் பின்பக்கத்தில் படித்தால் தெரியும். சீனியும் சோயாவும் நிறையப் போட்டு மிருதுவாக வைத்திருப்பார்கள். முதல் கடியிலேயே எல்லா ருசியும் வந்துவிடும், பிறகு மெல்ல எதுவும் இல்லை.

இப்போது அப்பாயி அடித்த அடிக்கு வருகிறேன். தேயிலையை டிரையரில் போடும்போது சூடு கூடிப்போனால், இலையின் வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடைபட்டுப்போகும். தொட்டால் காய்ந்த தூள், பெட்டிக்குள் போய்ச் சில வாரத்தில் புளித்த வாடை. "கேஸ் ஹார்டனிங்" என்பார்கள். எத்தனையோ தடவை இதற்காகப் பையன்களைச் சத்தம் போட்டவன் நான். அப்படியிருந்தும் என் கூண்டில் இரண்டாவது தடவை காய வைத்தபோது, மறுநாள் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற அவசரத்தில் நெருப்பைக் கூட்டிவிட்டேன். ஆறு மணித்தியாலத்தில் தோல் மாதிரி அருமையாக விறைத்துவிட்டது. கல்யாணம் ஏதோ காரணத்தால் நான்கு நாள் தள்ளிப்போனது, அது என் நல்ல காலம். நான்காம் நாள் ஒரு தடித்த துண்டைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். வெளியே கறுப்பு, அதற்குள் மெல்லிய பழுப்பு வளையம், நடுவில் ஊதாச் சிவப்பாக, விரலில் நூல் இழுக்கும் பிசுபிசுப்பு. வாடை சொல்ல வேண்டியதில்லை. 3 கிலோவையும் தோட்டத்து மூலையில் குழி வெட்டிப் புதைத்தேன், நாய் தோண்டாமல் கல்லையும் தூக்கி வைத்தேன்.

சின்ன அளவில் செய்வதன் மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. 3 கிலோவில் ஏறக்குறைய 100 துண்டு வரும். அத்தனையையும் நான் கையால் தொட்டுப் பார்க்க முடியும். தடித்தது எது, ஓரத்தில் இருப்பதால் சூடு படாதது எது, கொழுப்புக் கோடு ஓடுவது எது என்று பார்த்து இடம் மாற்றலாம், தனியே எடுக்கலாம். 300 கிலோவில் அது நடக்காது. அங்கே இயந்திரம் ஒரே தடிமனில் வெட்ட வேண்டும், சூடும் காற்றும் எல்லாத் தட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இறைச்சியும் ஒரே மாதிரியாக வர வேண்டும். அதற்காக அவர்கள் ருசியில் சிலவற்றை விட்டுக்கொடுக்கிறார்கள். பதிலுக்கு அவர்களிடம் ஈரத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி இருக்கிறது, ஒவ்வொரு தொகுதிக்கும் சூட்டுப் பதிவு இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெக்கட்டைப் பிரித்துச் சாப்பிட வேண்டுமென்றால் நான் தொழிற்சாலைப் பெக்கட்டைத்தான் எடுப்பேன். சின்ன அளவு என்பது கவனிக்க இடம் கொடுக்கும். கவனித்தார்களா என்பது செய்தவர் கையில்.

விலையையும் கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறேன். கடையில் 3 கிலோ சதை வாங்கினால், சவ்வு, நரம்பு, கொழுப்பு என்று ஏறக்குறைய 400 கிராம் கழிந்துவிடும். மிச்சம் 2.6 கிலோ காய்ந்து முடிய 1 கிலோ நின்றால் பெரிது. ஆக, உங்கள் கையில் இருந்த 100 கிராம் பெக்கட்டுக்குள் 300 கிராம் பச்சை இறைச்சி இருக்கிறது. விறகு, இரண்டு நாள் ஆள், பெக்கட், கொழும்புக்கு லொறிக்கூலி எல்லாம் அதற்கு மேல். ஈரமும் சீனியும் நிறைந்த மிருதுவான பெக்கட்டில் நீங்கள் அவற்றின் நிறைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். எனவே மூன்று மடங்கு விலை என்பதை மட்டும் வைத்துக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். பெக்கட்டில் இருப்பது உண்மையிலேயே முழுச் சதையாக, நன்றாகக் காய்ந்ததாக இருக்கும்வரை.

சந்தேகத்துக்குரியவையும் அதே பெக்கட்டில் எழுதியிருக்கும். "மலைக்காற்றில் உலர்த்தியது" என்பது எனக்குச் சிரிப்பு மூட்டும். காற்றின் வறட்சியும் ஓட்டமும் வேலை செய்யும், உயரம் தனியாக ருசி எதையும் கொடுப்பதில்லை. நுவரெலியாவின் ஈரக் காற்றைவிட மன்னாரின் காற்று இறைச்சியை நன்றாகவே உலர்த்தும். மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் நாம் பூசுகிற அளவை நம்பி இறைச்சியை வெளியே வைக்க முடியாது. மிலாறு விறகின் புகைக்குத் தனி வாசம் என்று என் மூக்கு சொல்லும். அது என் மூக்கா, என் அப்பாயியின் நினைவா என்று பிரித்துச் சொல்ல எனக்கே முடியாது. கொய்யா விறகில் போட்டதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுத்தால் நான் தோற்றாலும் தோற்றுவிடுவேன். பைன் போலப் பிசின் கசியும் மரம் மட்டும் கூடவே கூடாது. கரி படிந்து கசக்கும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, செய்து கெடுத்துப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் கடைசி வரி. பழைய முறைப்படி செய்து அப்படியே சாப்பிடலாமா? வேண்டாம். காரணம், பழைய முறையில் அதை யாரும் அப்படியே சாப்பிடவில்லை. அப்பாயியின் உப்புக்கண்டம் நொறுக்குத் தீனி இல்லை, கறிச் சாமான். அவர் போட்ட உப்பு கிலோவுக்கு 80 கிராமுக்குக் குறையாது என்று பிற்பாடு அவருடைய கைப்பிடிக் கணக்கை நிறுத்துப் பார்த்து முடிவு செய்தேன். அதை வாயில் வைக்கவே முடியாது. சுடுதண்ணீரில் ஊறவைத்து, இரண்டு தடவை கழுவி, பிறகு குழம்பில் கொதிக்கவோ தணலில் சுடவோ வேண்டும். பதனம் செய்தது உப்பும் புகையும். பாதுகாப்புக் கொடுத்தது பெரும்பாலும் அந்த இரண்டாவது நெருப்பு. இன்றைக்குப் பைட்டாக விற்கும்போது உப்பை மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிட்டு, இரண்டாவது நெருப்பையும் எடுத்துவிட்டு, "பாட்டி முறை" என்று எழுதுகிறார்கள். பாட்டி அந்த முறையைச் செய்யவே இல்லை.

கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். கிருமிக்குக் கிடைக்கக்கூடிய தண்ணீரை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் குறிப்பார்கள், நீர்ச் செயற்பாடு என்று பெயர். பச்சை இறைச்சி 0.99. அது 0.85க்குக் கீழே இறங்கினால் நோய் தரும் பக்டீரியாக்கள் பெருக முடியாது. 0.6க்குக் கீழே எதுவுமே வளராது, நல்ல தேன் அந்த எல்லையை ஒட்டி நிற்பதுதான். ஆனால் பெருக முடியாது என்பதும் செத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. வெட்டும்போதே ஒட்டிக்கொண்ட சல்மொனெல்லாக் கிருமி, காய்ந்த இறைச்சியில் உறங்கிக்கொண்டு இருக்கும். இன்னொரு சங்கடம், ஈரம் போகப் போகக் கிருமி சூட்டைத் தாங்கப் பழகிவிடுகிறது. முதலில் காய வைத்துவிட்டுக் கடைசியில் கொஞ்சம் சூடு காட்டினால் போதும் என்று நினைப்பது அதனால்தான் எடுபடாது. ஈரமாக இருக்கும்போதே இறைச்சியின் உள்ளே 71 பாகை செல்சியஸ், கோழியானால் 74 பாகை எட்ட வேண்டும், அதற்குப் பிறகு உலர்த்த வேண்டும் என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அறிவுரை. நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாயி முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. மனிதர் கையிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டபிலோகொக்கஸ் என்ற கிருமி உப்பை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். முதல் இரண்டு நாள் இறைச்சி மெல்லக் காயும்போது அது பெருகி நஞ்சை விட்டுவைத்தால், அந்த நஞ்சு குழம்பில் கொதித்தாலும் அழியாது. தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் லயத்தில் யாருக்காவது வாந்தி எடுத்தால் கண்ணூறு என்று சுற்றிப்போட்டதில் எத்தனை தடவை உண்மைக் காரணம் கம்பியில் தொங்கியதோ. கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும், விரலில் புண் இருந்தால் இந்த வேலையைத் தொடாமலிருப்பதும் இதனால்தான்.

நான் செய்வது இப்படி. இறைச்சிக்கடை மூடும் பௌர்ணமிப் போயாவுக்கு மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பின்தொடைச் சதையாக வாங்குவேன். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி ஏறாது, ஆடு அல்லது பன்றி. கொழுப்பைச் சுத்தமாக எடுத்து, பிரீசரில் ஒரு மணித்தியாலம் விறைக்க வைத்தால் ஒரே மாதிரி 5 மில்லிமீற்றர் தடிமனில் அரிய முடியும். கிலோவுக்கு 25 கிராம் உப்பு, இடித்த மிளகு, செத்தல் மிளகாய், உள்ளி, கொஞ்சம் கொரக்காப்புளி. இரவு முழுக்கப் பிரிட்ஜுக்குள்தான் ஊறும், வெளியே இல்லை. காலையில் இட்லிச் சட்டியில் ஆவி காட்டுவேன். துண்டு மெல்லியதாக இருப்பதால் வெப்பமானி குத்த முடியாது. நடுவில் இருக்கும் துண்டை எடுத்து வெப்பமானியின் முனையில் சுற்றிப் பிடித்தால் எண் ஏறும். 71 கண்ட பிறகுதான் கூண்டுக்குப் போகும். இந்த உயரத்தில் தண்ணீர் 100க்குச் சற்றுக் குறைவாகவே கொதிக்கும், 71க்கு அது தாராளம். கூண்டுக்குள் 55 முதல் 60 பாகை, காற்று ஓட வழி, கடைசி இரண்டு மணித்தியாலம் மிலாறுப் புகை. ஆவி காட்டுவதற்கு ஒரு விலை உண்டு. அந்தக் கண்ணாடிச் சிவப்பு வராது, நிறம் மங்கும், நாரும் கொஞ்சம் உதிரியாகும். அப்பாயி பார்த்தால் "அவிச்சதைக் காயப் போட்டிருக்கான் பாரு" என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வாங்குவதானால் செய்தவரிடம் ஒரு கேள்வி போதும்: "காய வைக்கும் முன் சூடு காட்டினீர்களா, எத்தனை பாகை?" பதில் இல்லையென்றால் வாங்கினாலும் சமைத்துச் சாப்பிடுங்கள். மிருதுவாக, வளைத்தால் சத்தமே வராத இறைச்சியைக் காற்றில்லாமல் உறிஞ்சி அடைத்து, பிரிட்ஜுக்கு வெளியே வைத்து விற்றால் தொடவே வேண்டாம். போதிய ஈரமும் காற்றில்லாத இடமும் பொட்டுலிசக் கிருமிக்குக் கூப்பிட்டுக் கொடுத்த விருந்து. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் நகத்தால் சுரண்டுங்கள். நறநறத்தால் உப்பு, பஞ்சு மாதிரி எழுந்தால் பூஞ்சணம். பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டுச் சாப்பிடக் கூடாது, எறிய வேண்டியதுதான். மழைக்காலத்தில் திறந்த பெக்கட் இங்கே ஒரு வாரத்தில் ஈரம் இழுத்துவிடும். நான் இறுக்கமான மூடிப் போத்தலில் போட்டுப் பிரிட்ஜில் வைக்கிறேன், இரண்டு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை.

"மரை வத்தல்", "மான் வத்தல்" என்று யாராவது காதோடு சொல்லி விற்றால் விலகிவிடுங்கள். இரண்டும் சட்டம் காக்கும் விலங்குகள், 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் தடை அது. பெரும்பாலும் பெயர் மட்டும்தான் மரையாக இருக்கும், உள்ளே என்னவென்று விற்பவருக்குத்தான் வெளிச்சம். காட்டுப்பன்றியில் இருக்கக்கூடிய டிரிக்கினெல்லாப் புழு உப்பாலும் புகையாலும் உலர்த்துவதாலும் சாகும் என்று நம்ப முடியாது. நன்றாக வேகவைத்தால்தான் சாகும்.

உடம்புக்கு நல்லதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பிரஷர் இருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும். கிலோவுக்கு 25 கிராம் உப்பு என்பது காய்ந்த பிறகு செறிந்துவிடும். 30 கிராம் தின்றால் ஏறக்குறைய 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பதனிட்ட இறைச்சி பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் வகைப்படுத்தியிருக்கிறது. கையால் செய்தது, வீட்டில் செய்தது என்பதற்கு அதில் விலக்கு இல்லை. தினமும் கொறிக்கிற சாமான் இல்லை இது. மருந்து எடுப்பவர்கள் தங்கள் டொக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும், அந்த இடத்தில் டீமேக்கர் பேசக் கூடாது.

உங்களிடம் அந்தப் பெக்கட்டில் மிச்சம் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். நாலு துண்டை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, தணலிலோ தோசைக் கல்லிலோ ஓரம் கருகும்வரை சுடுங்கள். அம்மியில் வைத்து நார் நாராகப் பிரியும்வரை தட்டி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசறுங்கள். சூடான கோதுமை ரொட்டியோடு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கொடுத்த காசைப் பற்றி அப்போது யோசியுங்கள்.